பதினைந்தாவது கல்

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன்.
நாற்பது நொடிகூட ஆகவில்லை.

குவோப்பியோவில் காகித ஆலை ஒன்றின்
கட்டுப்பாட்டு அறை. இரவு இரண்டே கால்.
அளவுமானிகள் பச்சையில் உறங்க
கலைக்களஞ்சியத்துக்குக் காவல் இருந்தேன்,
யாரும் கேட்காத காவல்.

ஹிர்விசெல்கா ஏரியில்
'ஆல்லி' என்ற நீராவிப் படகு மூழ்கிய கட்டுரை.
இறந்தவர் பதினான்கு.
யாரோ ஒருவர், பெயரில்லை, வெறும் எண்களாலான முகவரி,
அதை அழித்துப் பதினைந்து ஆக்கியிருந்தார்.
சான்று இல்லை.
காரணம் எழுதும் பெட்டி வெற்றாய்க் கிடந்தது.

மீளமைத்தேன்.
'விஷமம்' என்று ஒற்றைச் சொல் எழுதினேன்.
காப்பி இன்னும் சூடாகவே இருந்தது.

மறுபடி பதினைந்து.
மறுபடி பதினான்கு.
மூன்றைத் தாண்டினால் என்னையும் தடுப்பார்கள்,
அந்த விதி எனக்கு மனப்பாடம்.
புதியவரைக் கடிக்காதே என்பதும் மனப்பாடம்தான்.
சில இரவுகளில்
மனப்பாடம் கைவரைக்கும் இறங்குவதில்லை.

பிறகு உரையாடல் பக்கத்தில் வந்தார்.
அடியில் எழுதத் தெரியாமல்,
படகின் நீளம் பற்றிய நாலாண்டுச் சண்டையின்
நட்ட நடுவில், கையொப்பமின்றி:

"நான் விஷமி இல்லை. பேருந்து ஓட்டுகிறேன்.
என் தடத்தின் கடைசி நிறுத்தம் கல்லறைத் தோட்டம்.
திரும்ப ஏழு நிமிடம் இருக்கிறது.
அந்தத் தேதி போட்ட கற்களை
எத்தனை தடவை எண்ணியிருப்பேன்.
பதினைந்து.
நீங்கள் எத்தனை தடவை எண்ணினீர்கள்?"

பதில் அடித்தேன்.
சொந்த ஆய்வு கூடாது, சான்று வேண்டும்,
இன்னும் மூன்று விதிகள், ஒவ்வொன்றுக்கும் இணைப்பு.
முன்தோற்றம் பார்த்தேன்:
ஐந்து விதிகளும் வரிசையாக நின்றன
வேலிக்குள்ளிருந்து குரைக்கும் நாய்கள் மாதிரி.
எல்லாவற்றையும் அழித்துவிட்டு எழுதினேன்:

"வணக்கம். அவசரப்பட்டுவிட்டேன், மன்னியுங்கள்.
கற்களை எண்ணியது உங்கள் கண்.
படிக்கிறவருக்கு உங்கள் கண் கிடையாது.
அவர் போய்ப் பார்க்க ஒரு தாள் வேண்டும்."

"எந்தத் தாள்?"

"தெரியாது. தேடலாம்.
எழுதி முடித்ததும் நான்கு அலைக்குறி போடுங்கள்,
பெயர் தானாக வரும்."

அடுத்த வரியில் நான்கு அலை. அவற்றின் இடத்தில்
சைமி துர்பெய்னன், 02:51.

சனிக்கிழமை நூலகத்தில்
நுண்படச் சுருளைச் சுற்றிச் சுற்றிக் கண் எரிந்தேன்.
தவறான ஆண்டு.
அவர்தான் கண்டுபிடித்தார், வேறொரு ஊரில் உட்கார்ந்து,
விபத்துக்கு மூன்று வாரம் கழித்து வந்த நாளிதழ்,
ஆறாம் பக்கம், குதிரை விற்பனைக்குக் கீழே:
பனி விளிம்பில் ஒரு பெண்ணின் உடல்.
ஹில்மா, படகின் சமையற்கட்டு உதவியாள்.
சீட்டு வாங்காதவள். பயணிகள் பட்டியலில்
எப்படி இருப்பாள்?

"நானே மாற்றலாமா?" என்றார்.
கேட்கத் தேவையே இல்லை என்றேன்.

பதினைந்து என்று போடுவார் என நினைத்தேன்.
போடவில்லை.
"பயணிகள் பதினான்கு பேர், பணியாள் ஒருவர்."
பழைய சான்றைத் தொடவில்லை,
அதன் பக்கத்தில் தன்னுடையதை வைத்தார்.
காரணப் பெட்டியில் முழு வாக்கியம்,
கூடவே: "வலப்பக்கக் கட்டம் சாய்ந்துவிட்டது,
தெரிந்தவர் நிமிர்த்துங்கள்."
ரொவானியெமியிலிருந்து யாரோ நிமிர்த்தினார்,
ஒன்றும் சொல்லாமல்.

இன்று கட்டுரை ஒழுங்காக இருக்கிறது.
'வரலாறு' என்ற பொத்தானை அழுத்தினால் மட்டும்
என் விஷமம் இருக்கிறது,
பெயரோடு, நொடியோடு.
அதைத் திருத்த எனக்கு அனுமதி இல்லை.
யாருக்கும் இல்லை. நல்லதுதான்.

இப்போது இரவு மூன்று.
புதிதாய் ஒருவர், வெறும் எண்கள்,
அதே ஏரியின் ஆழத்தில்
இரண்டு மீட்டரைக் குறைத்திருக்கிறார்.
காரணம் எழுதவில்லை.

காப்பியை ஆறவிட்டேன்.