இறக்கு

முதல் நாளே சொல்லியிருக்கலாம்,
"இங்க கெடைக்காது மேடம்" என்று.
வண்டிக்காரன் வாயில் அது வருமா?
கிலோமீட்டருக்குப் பதினாலு ரூபாய்.

தைவான்காரி. பெயர் யாடிங்.
சிப்காட் ஷூ கம்பெனியில்
அட்டை ஒட்டும் பசைக்கு அவள்தான் கடைசி வார்த்தை.
நாலாம் லைன் பெண்கள்
"யார்டி இங்க" என்று கூப்பிட்டால்
திரும்பிப் பார்த்துச் சிரிப்பாள்.

ஞாயிறு வந்தால் போனை நீட்டுவாள்.
அதில் ஒரு கிண்ணத்தின் படம்.
உள்ளேயிருந்து ஒருத்தி
செய்தி வாசிக்கிற தமிழில் கேட்பாள்:
"எங்கள் ஊர் உணவு வெளியே எங்கு நன்றாக இருக்கும்?"

முதலில் காட்பாடி.
காலேஜ் பிள்ளைகள் மொய்க்கிற கடை,
வாசலில் காகித டிராகன்.
நூடுல்ஸ் செக்கச்செவேலென்று வந்தது.
சாக்கடையில் மூக்குத்தி தேடுகிறவள் மாதிரி
கரண்டியால் விலக்கி விலக்கிப் பார்த்தாள்.
சமைத்தவன் நேபாளத்துப் பையன்,
தன் ஊர்க்காரி என்று நினைத்து ஓடிவந்து
என்னவோ கேட்டான்.
அவள் என்னவோ சொன்னாள்.
பிறகு இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.
எனக்கு ரெண்டும் தெரியாது.

அடுத்த வாரம் வேலூர், பெரிய ஆஸ்பத்திரி எதிர்ச் சந்து.
லாட்ஜ் மாடியில் ஒரு மிசோரம் அம்மா,
வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ்,
செலவுக்காக நாலு பேருக்குச் சேர்த்துச் சமைக்கிறாள்.
பன்றிக்கறி, கீரை, குழைந்த சோறு.
யாடிங் தட்டை வழித்துத் தின்றாள்.
கீழே இறங்கி வந்ததும் போன் சொன்னது:
"மிக நன்று. ஆனால் இது அவர்களுடைய ஊர்."

மூன்றாவது ஆம்பூர்.
மாட்டெலும்பு சூப்பில்
எதையோ கண்டுவிட்டாள் போல, நிமிர்ந்து உட்கார்ந்தாள்.
"இதில் நூல் நூலாக இருக்க வேண்டுமே?"
மாஸ்டர் யோசித்து
ரெண்டு இடியாப்பத்தைப் பிய்த்துப் போட்டார்.
"ஏன்பா தணிகாசலம், சைனாவா?"
இல்லீங்க, தைவான்.
"ரெண்டும் ஒண்ணுதானே?"
போனை மொழிபெயர்க்கவிடாமல் கையால் மூடினேன்.

திரும்பும்போது இருட்டிவிட்டது.
மேல்விஷாரம் தாண்டுகையில் தோல் ஷாப்பு வாடை
எப்போதும் போல ஏறி வந்து மடியில் உட்கார்ந்தது.
பிறந்ததே இந்த வாடையில்தான்,
இருந்தாலும் கண்ணாடியை ஏற்றினேன்.
என் தங்கையைப் பார்க்க
போளூரிலிருந்து வந்தவர்கள்
பஜ்ஜியைத் தொடாமல், கைக்குட்டையை எடுக்காமல்
எழுந்து போன வாடை.
எங்கப்பா சுண்ணாம்புக் குழியிலிருந்து
நகக்கண்ணில் வீட்டுக்குக் கொண்டுவந்த வாடை.

பின்சீட்டிலிருந்து ஒரு குரல்:
"இறக்கு."

போன் இல்லை, அவளே.
லோடு ஏற்றும் இடத்தில் கற்ற ஒரே தமிழ்.
எதை இறக்க என்று ஒரு நொடி விழித்தேன்.
கண்ணாடியைத் தட்டினாள். இறக்கு.

தலையை வெளியே நீட்டி
கண்ணை மூடிக்கொண்டாள்.
பிறகுதான் போனில் பேசினாள், நிறுத்தாமல்.
போன்காரி தடுமாறிப்போனாள்:
"ஊறவைத்த சோயாக்கட்டி... எண்ணெயில் பொரிப்பது...
துர்நாற்றமுள்ள நறுமணம்...
இரவுச் சந்தை... மூன்று தெரு முன்பே வந்துவிடும்...
பள்ளிச் சீருடையில் வரிசையில் நிற்பேன்...
எனக்குப் பசிக்கிறது."

சிரிப்பதா என்று தெரியவில்லை.
ஆற்காட்டு ரோட்டை விட்டுப் பின்தெருவில் திருப்பினேன்.
மதில், மதில், பச்சையாய் ஒரு கால்வாய்,
மறுபடி மதில்.
இருபதுக்கு மேல் முள் ஏறவிடவில்லை.
எல்லாக் கண்ணாடியும் இறங்கியிருந்தது.
ஒரு நாய் கூடவே ஓடிவந்து சலித்து நின்றது.
நானும் ஒருமுறை நன்றாக இழுத்துப் பார்த்தேன்.
எனக்கு அப்பாதான் வந்தார், பசி வரவில்லை.

திங்கட்கிழமை டிரிப் ஷீட்டை
அக்கவுண்ட்ஸ் ஜெயசீலன் விரலால் தட்டினார்.
"மேடம், இரவுச் சாப்பாடு, விஷாரம் பின்தெரு,
ஏழு கிலோமீட்டர்னு எழுதியிருக்கே.
பில் எங்கப்பா?"

தரலீங்க, என்றேன்.