கண்காணி

எங்கள் வேதப் புத்தகத்தில் பேராயருக்கு
ஒரு பெயர் கண்காணி.
மஸ்கெலியாவில் அந்தப் பெயருக்கு வேறு ஆள்:
விடியுமுன் பிரட்டுக்களத்தில் தலை எண்ணி
தலைக்கு இவ்வளவென்று துரையிடம் காசு வாங்குகிறவன்.
போர்ட் பிரீயில் கணக்கெழுதச் சேர்ந்த முதல் வாரம்
இதைச் சொன்னேன்.
பேராயர் மெர்வின் ட்ரெலோர் சிரித்துவிட்டு
"அவன் எண்ணினது சரியாக இருக்குமா?" என்றார்.
இரண்டு மூன்று கூட்டிப் போடுவான் என்றேன்.
"நானும் அப்படித்தான், ஈஸ்டருக்கு."

வாலரூ துறைமுகத்தில் கோதுமை மூட்டை நிறுத்தவரின் மகன்.
தராசு முள் அடங்கும்வரை மூச்சுவிடாமல் நிற்க
ஏழு வயதில் பழகினாராம்.
அடிலெய்டில் குருத்துவப் படிப்பு,
பிறகு ஓரோரூ, கேரிடன், ஹாக்கர்.
மழைக்கோட்டுக்கு வடக்கே
உழாதே என்று வரைபடக்காரன் சொன்ன மண்ணில்
உழுது பார்த்து எழும்பிப் போனவர்கள்
விட்டுவிட்டுப் போன கற்கோயில்கள்.
ஒரே ஞாயிறில் மூன்று ஊர், நானூறு கிலோமீட்டர்.
காரின் பின்சீட்டில் அங்கி, இரசப் போத்தல்,
அடிபட்ட கங்காருவை ஓரம் தள்ள ஒரு மண்வெட்டி.
நாற்பத்தெட்டு வயதில் கோலைக் கையில் கொடுத்தார்கள்.

அவர் காலத்தில் திறந்த ஆலயம் ஒன்று.
மூடியவை பதினேழு.
மூடுவதற்கும் ஒரு ஜெபம் உண்டு, எனக்கு அதுவரை தெரியாது.
பீடத்துத் துணியை அவரே மடிப்பார்,
மூலையோடு மூலை சேர்த்து, இஸ்திரிக்கடைக்காரர் மாதிரி.
விற்ற காசை நான் எழுதுவேன்.
ஒன்று இப்போது மட்பாண்டக் கடை.
ஒன்றில் ஆட்டுரோமம் அடுக்கியிருக்கிறது.

அந்தக் கடிதம் கணக்கில் வராது.
எண்பத்தொன்பது, ஜூலை. ஒரு தாய் எழுதியது,
இரண்டு பக்கம்.
மகனுக்குப் பதினொரு வயது. குருவின் பெயரும் இருந்தது.
குருவைக் கூப்பிட்டார். குரு அழுதார்.
இன்னொரு ஊருக்கு மாற்றினார்.
அந்த ஊரிலும் பிள்ளைகள் இருந்தார்கள்.
சாமான் ஏற்றின லொறிக்கூலி நூற்றெண்பது டொலர்
பழைய பேரேட்டில் பார்த்திருக்கிறேன்,
போக்குவரத்து என்ற தலைப்பின் கீழ்.

விசாரணை வந்தபோது வழக்கறிஞர் இருவர்
அடிலெய்டிலிருந்து வந்து ஒரு சொல் கற்றுக்கொடுத்தார்கள்:
ஞாபகமில்லை.
பதினாலு வருசம், யாருக்கு ஞாபகமிருக்கும்.
காப்புறுதிக்காரருக்கும் அதுதான் விருப்பம்.
நான் பின்வரிசையில் கோப்புகளோடு இருந்தேன்.
கேட்டார்கள்.
அவர் மூச்சைப் பிடித்ததைக் கண்டேன்.
"ஞாபகமிருக்கிறது. நீலக் கோடு போட்ட தாள்.
வாசித்தேன். இரண்டு தரம்."

அவர் பக்கம் நின்று இதைச் சொல்லவில்லை.
இரண்டாவது ஊர்ப் பையன்கள் மூன்று பேர்.
காசோலைகளை எழுதினது என் கை.
ஒருவனுடையது வங்கியில் மாறாமலே திரும்பிவந்தது,
முகவரியில் அப்படி ஒருவர் இப்போது இல்லையென்று.

மோதிரத்தைக் கழற்றி என் மேசையில் வைத்து
பற்றுச்சீட்டுக் கேட்டார். எழுதிக் கொடுத்தேன்:
ஊதாக்கல் மோதிரம், ஒன்று.
மண்டபச் சுவரில் பேராயர்களின் படவரிசை முடிவில்
அவருக்கென்று அடித்த ஆணி இன்னும் இருக்கிறது.
கடைசிப் பதின்மூன்று வருசம்
எலன் வீதி தர்மக்கடையின் பின்னறையில்
சப்பாத்துகளை ஜோடி சேர்த்தார்.
ஒற்றைகளை எறிய விடமாட்டார்.

அடக்க ஆராதனையன்று பதிவேட்டை நிரப்பினேன்.
தேதி. ஆராதனை. வந்தோர் தொகை.
ஒன்பது பேர்.
வெளியே, உருக்காலைப் புகைக்கூண்டு தெரியும் பக்கம்,
ஒரு வெள்ளைக் கார். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.
உள்ளே வயதான ஒரு பெண்மணி.
முதற்பாட்டிலிருந்து பெட்டி வெளியே போகும்வரை
இறங்கவில்லை.
கண்ணாடியை மட்டும் நாலு விரல் இறக்கியிருந்தார்.

கூட்டுவதா, வேண்டாமா.
பேனை மூடியைத் திறந்தபடி நின்றேன்.
அந்தக் கட்டத்தில் இன்னமும்
பென்சிலால் எழுதினதுதான்.