மூன்றாவது பத்தி

தாளில் நான்கு பத்தி பிரிக்கச் சொன்னார்கள்.
முதலாவதில் அவர் சொன்னது.
அடுத்ததில் நான் சொன்னது.
மூன்றாவதில் அப்போது எனக்குள் நடந்தது.
கடைசிப் பத்தி கிசாயாவுக்கு,
அவளுடைய பச்சைப் பேனாவுக்கு.

கிசாயாவுக்கு இருபத்தெட்டு வயது. எனக்கு ஐம்பத்தொன்று.
பஃபலோவில் பத்தொன்பது வருடம் பேருந்து ஓட்டிய பிறகு
முதுகலை சமூகப்பணி, முதலாம் ஆண்டு.
வாரம் மூன்று நாள் களப்பயிற்சி, சம்பளம் கிடையாது.
கல்விக்கடன் அலுவலகத்துப் பையன்
என் பிறந்த வருடத்தை இரண்டு முறை தட்டினான்.

டயாலிசிஸ் நிலையம். ஏழாம் நாற்காலி. திரு. க்ரூபா.
வெளியே ஏரியிலிருந்து பனி ஏறி வந்து கொட்டுகிறது.
அவர் ரத்தம் குழாய் வழியே போய்
கடைசி நிறுத்தத்தைச் சுற்றித் திரும்பும் வண்டிபோல
வந்துசேர்கிறது.

"அடுத்த வாரத்திலிருந்து வரமாட்டேன்" என்றார்.
"புரிகிறது" என்றேன்.

பச்சைப் பேனா அந்தச் சொல்லைச் சுற்றி வட்டம் போட்டிருந்தது.
என்ன புரிந்தது?
கீழே, இன்னும் சின்ன எழுத்தில்:
மூன்றாவது பத்தி ஏன் காலி?

ஏனென்றால், கிசாயா,
ஓட்டுநரோடு பேசாதீர்கள் என்று
என் தலைக்கு மேலேயே பலகை இருந்தது.
அது எனக்கு வசதியாகவும் இருந்தது.
காலை ஐந்தரைக்கு ஏறி
மதியம் வெளிறிப்போய்த் திரும்புகிறவர்களைக்
கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.
அவர்களுக்காகச் சாய்தளத்தை இறக்கியிருக்கிறேன்.
ஒருநாள் அதில் ஒருவர் நிறுத்தத்தில் இல்லை.
அரை நிமிடம் காத்திருந்தேன்.
அட்டவணை. கிளம்பிவிட்டேன்.

இதை எந்தப் பத்தியில் எழுதுவது?

"பிறகு அவர் சும்மா இருந்தார்" என்று எழுதியிருந்தேன்.
எவ்வளவு நேரம் என்று கேட்டாள்.
இரண்டு சிவப்பு விளக்கு நேரம் என்றேன்.
சிரிப்பாள் என்று நினைத்தேன். எழுதிக்கொண்டாள்.
"நானாக இருந்தால் அந்த இடத்தில் பேசியிருப்பேன்" என்றாள்,
"பேசிக் கெடுத்திருப்பேன்."

வியாழக்கிழமை அவர் நாற்காலியில் இருந்தார்.
அதற்கு முன் இருபது நிமிடம்
நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது
மூன்றாவது பத்தியில் இருக்கிறது.

"இதையும் எழுதுவாயா?"
எழுதுவேன், பாடத்துக்காக. பெயரை மாற்றிவிடுவேன்.
"என்ன பெயர் வைப்பாய்?"
இன்னும் யோசிக்கவில்லை.
"க்ரூபா என்று போடு.
எஃகு ஆலையில் எனக்குச் சீட்டுக் கிழித்தவன்.
அவனும் நாலு மணி நேரம்
இந்த நாற்காலியில் உட்காரட்டும்."

சிரித்ததில் ஊசி அசைந்து இயந்திரம் கத்தியது.
செவிலி வந்து எங்கள் இருவரையும் முறைத்தாள்.

அடுத்த வாரம்? என்று கேட்டேன்.

அவர் பனியைப் பார்த்தார்.
எண்ணத் தொடங்கினேன். பிறகு எண்ணவில்லை.
விளக்கு மாறவே இல்லை.
நான் வண்டியை எடுக்கவும் இல்லை.