நவம்பர் முப்பது, நாசரேத்

பிறந்த ஊர்: நாசரேத் என்று கடவுச்சீட்டில் இருந்ததை
விமான நிலையத்துக்காரி இரண்டு தடவை படித்தாள்.
எந்த நாசரேத் என்றாள்.
திருச்செந்தூர் ரயில் நிற்கிற நாசரேத் என்றேன்,
என்னமோ அவளுக்கு விளங்கிவிடும் போல.

ராமத் கான். மூன்றாவது மாடி.
நயீம் என்கிற எழுபத்தெட்டு வயதுக்காரருக்கு
மாத்திரை எடுத்துக் கொடுக்கிற வேலை.
முதல் நாள் குளிப்பாட்டி முதுகில் பவுடர் தட்டப் போனேன்.
டப்பாவைப் பிடுங்கிச் சுவரில் எறிந்தார்.
சம்பளம் வாங்குகிறவள், கூட்டி அள்ளினேன்.

பிறகு ஒருநாள் அவராகவே சொன்னார்.
பாக்தாத்தில் பதினைந்து வயசு. ஆளுக்கு ஒரு பெட்டி.
இனி இந்த நாட்டார் அல்ல என்று ஒரு முத்திரை.
அம்மாவின் மோதிரத்தைச்
சோப்புப் போட்டுக் கழற்றினான் சுங்கக்காரன்.
இங்கே வந்து இறங்கினால், படிக்கட்டடியிலேயே
தலையில் வெள்ளைப் பொடி.
டிடிடி என்பார், ஒவ்வொரு எழுத்தாக.
வீட்டுக்கு வருகிறோம் என்று அம்மா அன்றைக்கு
கல்யாணத்துக்கு எடுத்த உடுப்பை உடுத்தியிருந்தாளாம்.

அந்த வருஷம் சட்டம் போட்டார்கள்.
அரபு நாடுகளிலிருந்து கிளம்ப நேர்ந்தவர்களுக்கு
நவம்பர் முப்பது.
சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனது நான்தான்.
கொடி, வயலின், தண்ணீர்ப் போத்தல்.
மேடையில் ஒருவர் அகதிகள் என்றார்.
"வீட்டுக்கு வந்தவன்னுதானே அன்னைக்குச் சொன்னீங்க?"
என்று கத்தினார் நயீம்.
அடுத்தவர் தாயகம் திரும்பியவர்கள் என்றார்.
"தாயகம்னா எதுக்குய்யா பொடி அடிச்சீங்க?"
முன்வரிசை திரும்பிப் பார்த்தது.
அவர் எபிரேயத்தில் கத்தினதை
நான் நம்ம பேச்சில் சொல்கிறேன், அவ்வளவுதான்.

வெளியே செடிக்குக் குழாய் பிடித்துக்கொண்டிருந்த ஆளோடு
அரை மணி நேரம் அரபியில் பேசினார்.
இரண்டு பேரும் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தார்கள்.
அந்த ஆளுக்கும் ஒரு நாள் உண்டாம், மே மாசத்தில்.
அதற்கு இங்கே மேடை கிடையாது.
வரும் வழியெல்லாம் நயீம் பேசவே இல்லை.

ராத்திரி வீட்டுக்கு போன் போட்டேன்.
சிரிப்பாக இருக்கட்டுமே என்று
பொடி அடித்த கதையை ஞானமுத்துவிடம் சொன்னேன்.
மறுமுனையில் சத்தமே இல்லை. லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.
"எங்களுக்கும் அடிச்சாவ" என்றார்.
"மண்டபத்துல. வரிசையில நிக்க வச்சு. பேனுக்காம்."

கல்யாணமாகி இருபத்தோரு வருஷம்.
அப்புத்தளையில் பிறந்து, பத்து வயசில் கப்பலேறி,
அதற்கு முன் ஒருதரம்கூடப் பார்த்திராத தாயகத்துக்குத்
திரும்பிய மனுஷன்.
அட்டையில் அச்சடித்தே இருக்கிறது: தாயகம் திரும்பியோர்.
நூற்பாலையில் வேலை கொடுத்தார்கள்.
தெருவில் சிலோன்காரன் என்ற பேரும் கொடுத்தார்கள்.
ஆலை மூடியாயிற்று, பேர் இன்னும் ஓடுகிறது.

நயீம் போய் மூன்று வருஷம்.
இன்று காலை அவர் மகள் படம் அனுப்பியிருந்தாள்:
வரிசையாக நாற்காலி, திரையில் பேர்கள்.
அவர் பேரில் ஒரு எழுத்துப் பிழை.
இவரிடம் காட்டினேன்.
"நமக்கும் நாள் வச்சா என்ன செய்வாவ?
ரெண்டு வாழைமரம் கட்டுவான், ஒரு சால்வை,
தாசில்தார் லேட்டா வருவாரு" என்றார்.
குடையை எடுத்துக்கொண்டு முடிவெட்டப் போனார்.

கழுத்தில் பவுடர் போட விடமாட்டார்.
சலூன்காரன் மேல் ஏதோ கோபம் என்றுதான்
இத்தனை காலம் நினைத்திருந்தேன்.
கார்த்திகை மழை விடவில்லை. நனைந்து வந்து நின்றார்,
பிடரியெல்லாம் நரைத்த துணுக்குகள்.
ஈரத் துண்டால் துடைத்தேன்.
"மெல்ல" என்றார்.