முன்னால் நிற்கும் அசை

பென்னைன் மேட்டில் பனி கொட்டும் மாதம்.
பத்து நெம்புகோல், ஒரு கணப்பு, ஒரு கடிகாரம்.
கைகாட்டிப் பெட்டியில் இரவு முறை
ஜேபஸ் ஆல்டர்சனுக்கு.

இரண்டு சரக்கு வண்டிகளுக்கு நடுவே
பழைய புத்தகம் ஒன்றைப் புரட்டிப் புரட்டி
செத்துப்போன சொற்களைச் சீட்டில் எழுதுவான்.
ஒரு சொல்லுக்கு ஒரு சீட்டு.
தெற்கே யாரோ அகராதி தொகுக்கிறார்களாம்.
கூலி கிடையாது, தபால்தலை மட்டும்.

இந்தக் குளிர்காலம் அவனுக்கு வாய்த்தது
'ஃபார்' என்று தொடங்கும் வரிசை.
உனக்காக, எனக்காக என்கிற ஃபார் இல்லை;
கடைசிச் சொட்டுவரை பிழிகிற ஃபார்.
அழுது தீர்த்தேன், அலைந்து ஓய்ந்தேன் என்போமே,
நமக்குக் கடைசியில் வருகிற அந்தத் தீர்தல்
அவர்களுக்கு வாசலிலேயே வந்து நிற்கும்.

ஃபார்வெப்ட்: அழுதே வற்றியவள்.
ஃபார்ஸ்வங்க்: உழைத்தே உருக்குலைந்தவன்.
ஃபார்ஃப்ரோர்ன்: உறைந்தே போனது.
ஜன்னலுக்கு வெளியே தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தான்.
இதற்கு மேற்கோள் எதற்கு?

மூன்றரை மணிக்கு
ஃபார்வேக்ட்.
விழித்து விழித்தே தேய்ந்துபோனவன்.

பேனாவைக் கீழே வைத்தான்.
தொப்பியைக் கழற்றினான், ஏனென்று தெரியவில்லை.
இருபத்திரண்டு வருஷம்
இதற்குப் பெயரில்லை என்றே இருந்துவிட்டான்.
பெயர் இருந்திருக்கிறது.
இவன் பிறக்குமுன்பே செத்தும் போயிருக்கிறது.

ஐந்து பத்துக்குப் பால் வண்டி கடந்தது.
பதிவேட்டில் நேரம் எழுதிவிட்டு
'குறிப்பு' என்ற கட்டத்தில்,
ஒருநாளும் எதுவும் எழுதியிராத கட்டத்தில்,
அந்த ஒரு சொல்லை எழுதினான்.

வியாழக்கிழமை வந்த இன்ஸ்பெக்டர் ஹார்க்கர்
சிவப்பு மையால் அடித்தார்.
"என்ன இது, வெல்ஷா?"
"இங்கிலீஷ்தான் ஐயா."
"இப்போது இல்லை."
அரை கிரவுன் அபராதம்.

ஃபார்கெட், ஃபார்கிவ், ஃபார்லார்ன்:
மறப்பதும் மன்னிப்பதும் அநாதையாவதும்
எப்படியோ கரையேறிவிட்டன.
செத்தவற்றைத்தான் கேட்டிருந்தார்கள்,
அதனால் அவற்றுக்குச் சீட்டில்லை.

அன்றிரவு ஃபார்வேக்டுக்கு
இரண்டாவது சீட்டு ஒன்று எழுதினான்.
'கடைசியாகக் காணப்பட்ட இடம்' என்பதற்கு நேரே
புத்தகத்தின் பெயரை எழுதவில்லை.

கைகாட்டிப் பெட்டிப் பதிவேடு, பக்கம் 214.
அடிக்கப்பட்டுள்ளது. படிக்க முடிகிறது.

மணி அடித்தது.
நாலாம் நெம்புகோலை இழுத்தான்.