ஏழாம் திருத்தம்

வெள்ளிக்கிழமை மாலை நாலு ஐம்பதுக்குத்தான்
எப்போதும் வரும்.
நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
மாறிய வரிகளுக்கு மட்டும் ஓரத்தில்
ஒரு செங்குத்துக் கோடு.
நான் கோடுகளைப் படிப்பவள்.

பிறை தொழிற்பேட்டையில்
செப்புக் குழாயை எஃகுத் தகட்டோடு
பிரேசிங் செய்து ஒட்டி அனுப்பும் கம்பெனி.
என் வேலை ஒட்டுவதல்ல.
எப்படி ஒட்டுவது என்று சுவரில் தொங்கும் தாள்
இன்றைய தாளா என்று பார்ப்பது.

இந்தமுறை பதினாறாம் பக்கத்தில்
'செய்யலாம்' போய் 'செய்யவேண்டும்' வந்திருக்கிறது.
ஒரு வினைமுற்று மாறியதில்
பதினோரு பேருக்கு மறுபரீட்சை.
தில் பகதூர் பன்னிரண்டு வருஷமாக டார்ச் பிடிக்கிறார்.
தாளின்படி,
ஏப்ரல் முதல் தேதியோடு
அவருக்கு ஒட்டத் தெரியாமல் போய்விட்டது.

நாற்பதாம் பக்கத்தில் மூட்டின் இடைவெளி.
ஐந்தாம் திருத்தத்தில் ஒரு மயிரிழை.
ஆறில் அதை அகட்டினார்கள்.
ஏழில் மறுபடி அதே மயிரிழை.
ஓய் பெங் சூன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்:
"அப்போ, மிஸ் லீலா, நடுவில் நாலு வருஷம்
நாம் ஒட்டியதெல்லாம்?"
"அன்றைக்குச் சரி" என்றேன்.
மலாயில் சொன்னபோது
அது இன்னும் மோசமாகக் கேட்டது.

கம்பிப் பட்டியலில் காட்மியம் இருந்த வரி இல்லை.
ஏன் என்று எழுதமாட்டார்கள்.
இல்லாத வரிக்குப் பக்கத்திலும்
அதே கோடு.
அந்தப் புகையை யாரோ இழுத்திருப்பார்கள்,
இருமிக்கொண்டே பசியாறப் போயிருப்பார்கள்.

பட்டர்வொர்த்தில் பெர்ரிக்குக் காத்திருந்தபோது
ஆறாம் படிவத்து யாப்பு வகுப்பு ஞாபகம் வந்தது.
வெண்பாவில் தனிச்சொல்லுக்கு முன்னால் இடைவெளி விழுந்தால்
ஓரசையோ ஈரசையோ இட்டு அடைப்பது.
தட்டான் வைக்கும் பற்றாசு மாதிரி.
அதற்குப் பெயர் ஆசு.
அன்றே அகராதியைப் புரட்டியிருந்தேன்.
அடுத்த வரியிலேயே,
ஆசு: குற்றம்.
மூட்டைப் பிடித்து நிற்பதும்
எக்ஸ்ரேயில் கறுப்புப் புள்ளியாய்த் தெரிவதும்
ஒரே சொல்.
யாரும் இதுவரை திருத்தி அனுப்பவில்லை.

சனிக்கிழமை பரீட்சை.
தில் பகதூர் ஒன்றும் கேட்கவில்லை.
தீயைக் குழாயில் காட்டாமல்
குழாயைச் சுற்றிக் காட்டினார்.
வெள்ளைக் கூழாயிருந்த ஃப்ளக்ஸ்
கொப்பளித்து, அடங்கி,
தண்ணீராய்த் தெளியும்வரை பொறுத்தார்.
பிறகு கம்பியால் ஒரே ஒரு தொடல்.
வெள்ளி இடுக்குக்குள் ஓடியது,
மேல்நோக்கி,
யாரும் தள்ளாமல்.
நான் படிவத்தில் 'கவனித்தேன்' என்ற கட்டத்தில்
டிக் போட்டேன்.
எட்டு வருஷமாக டிக் போடுகிறேன்,
கவனித்தது அன்றுதான்.

வெட்டிப் பார்த்தார்கள். தேறிவிட்டார்.
இனி மூன்று வருஷத்துக்கு அவருக்கு ஒட்டத் தெரியும்.

திங்களன்று பழைய பிரதிகளைத் திரும்பப் பெறும் வேலை.
ஏழு கொடுத்தேன், ஆறு கிடைத்தன.
ஒன்றின்மேல் யாரோ நாசி லெமாக் சாப்பிட்டிருந்தார்கள்,
சம்பல் எண்ணெய் இருபதாம் பக்கம்வரை இறங்கியிருந்தது.
எல்லாவற்றிலும் 'காலாவதி' என்று சிவப்பு முத்திரை.
ஏழாவதை மதியம்வரை தேடினேன்.
அலமாரி, ஃப்ளக்ஸ் டப்பாக்களின் பின்புறம்,
ஹஃபிசுலின் மோட்டார்சைக்கிள் பெட்டிகூட.
கடைசியில் அழுத்தச் சோதனை மேசையின்
குட்டையான காலுக்கடியில்
நாலாய் மடிந்து கிடந்தது.

உருவினேன்.
மேசை சாய்ந்தது. மானியின் முள் நடுங்கியது.
பதினொரு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

பதிவேட்டில்,
பிரதி ஏழு, அழிக்கப்பட்டது,
என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
பிறகு குனிந்து
இருந்த இடத்திலேயே அதைச் செருகினேன்.
மடிப்பு மாறாமல்.