மூக்கு

செந்தூலில், கோம்பாக் ஆற்றோரம், முப்பத்தாறு மாடி.
முகப்பில் ரோமாபுரித் தூண்கள் எட்டு.
தட்டினால் தகரடப்பாவாய்ப் பேசும்;
உள்ளே கம்பி, வெளியே சாந்து,
நடுவில் யாரோ மறந்த தே தாரிக் பொட்டலம்.

தூண்களுக்கு மத்தியில் பேரரசர்.
ஈப்போவில் வார்த்து லாரியில் வந்தவர்,
கழுத்தில் இன்னும் வைக்கோல்.
பெயர் கேட்டேன். டத்தோவுக்கும் தெரியவில்லை.
"ரொம்பப் புதுசா இருக்கு லா, தவசீலன்.
மூக்க ஒடச்சிடு."

ஈராயிரம் ஆண்டு மழை,
படையெடுப்பு, பூகம்பம்,
ஆடு மேய்த்த பையன்களின் கல்லெறி,
எல்லாவற்றுக்கும் சேர்த்து
அரைநாள் கூலி பேசினோம்.
ஓவர்டைம் கிடையாது.

முதல் அடியில் உளி வழுக்கியது.
இரண்டாவதில் நான் கண்ணை மூடிக்கொண்டேன்.
அவருக்கு மூட இமை வைக்கவில்லை.
மூன்றாவதில் விழுந்தது,
வெயில் சூட்டோடு, என் கட்டைவிரல் அளவு.
காயம் பழசாகத் தேயிலைச் சாயம் பூசினேன்.

திறப்பு விழாவன்று ஆறு நாறியது.
மாலையோடு வந்தவர்கள் கைக்குட்டை தேட
அரசர் மட்டும் அசையவில்லை.

மூக்கு என் மோட்டார் கூடையில் கிடக்கிறது.
நேற்று சாலைத் தடுப்பில்
போலீஸ்காரர் அதை எடுத்து உருட்டிப் பார்த்தார்.
யாருடையது என்றார்.
ராஜாவுடையது என்றேன்.
டார்ச்சை என் முகத்தில் அடித்து,
என் மூக்கைப் பார்த்துவிட்டுப்
போகச் சொன்னார்.